கம்ப்யூட்டர் அறையும் அப்பாவின் செருப்பும்

என் கைப்பேசி இப்போது சமையல் மேடையில் கிடக்கிறது. ஒரு பக்கம் கொத்தமல்லிக் காம்பு, இன்னொரு பக்கம் உரித்துப்போட்ட பூண்டுத் தோல். மாவு ஒட்டிய விரலாலேயே அதைத் தடவிப் பேசுகிறேன். குளியலறைக்குக்கூட அதைக் கொண்டுபோகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. வெளியே தேடவேண்டாம், எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதற்கு இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. இதனுடைய தாத்தன் பாட்டன் இயந்திரத்தைப் பார்க்க ஒரு காலத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. கோயிலா சர்ச்சா என்று கேட்கிறார்கள்.

கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் என்ற சொல்லை எதன் முன்னால் ஒட்டினாலும் அதற்கு மவுசு கூடியது. கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர் கண் பரிசோதனை என்றார்கள். ரவிக்கையில் பூப்போடுவதற்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்தது. அவினாசி ரோட்டில் லாரிகளை நிறுத்துப் பார்க்கிற இடத்தில்கூட கம்ப்யூட்டர் எடை மேடை என்று எழுதியிருந்தது. இத்தனை போர்டுகளைப் பார்த்தவர்களில் ஒரு கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். ரயில் நிலையத்தில் டிக்கெட் ரிசர்வ் பண்ணப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதன் முதுகு தெரியும். முகம் உள்ளே இருப்பவருக்குத்தான்.

முகத்தைப் பார்க்க வேண்டுமானால் காந்திபுரத்துக்குப் போகவேண்டும். அங்கே ஜவுளிக்கடைக்கு மேலே, மருந்துக்கடைக்கு மேலே, எங்கே மாடிப்படி இருக்கிறதோ அதற்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. படியேறியதும் கறுப்புக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் செருப்புகள். அந்தப் பக்கம் ஏசி. கதவைத் திறந்து யாராவது வெளியே வரும்போது அவர்களோடு கொஞ்சம் குளிரும் வரும், கார்ப்பெட் வாசனையும் வரும். பி.காம் கடைசி வருஷத்தில் நானும் என் தோழிகளும் அந்தக் குளிருக்காகவே படியேறி, நோட்டீஸ் வேண்டும் என்று கேட்டு, நின்று, இறங்கி வருவோம்.

செருப்பை ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்பதற்கு எங்களிடம் பல விளக்கங்கள் இருந்தன. தூசி ஆகாது என்பது சென்டர்காரர்கள் சொன்னது. வைரஸ் வந்துவிடும் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. தெருவிலிருந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்து மெஷினுக்குள் ஏறிக்கொள்ளும் ஒரு பூச்சி என்றுதான் வைரஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அது மனுசருக்கும் ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும், வாய்தான் நீளம்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். என்னோடு படித்த பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு மாப்பிள்ளை கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்து மிக்சர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டர் படித்தால் வேலை, வேலை என்றால் கொஞ்ச காலத்துக்காவது மிக்சர் இல்லை என்பது என் கணக்கு. அப்பா சரி என்றார். அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போனது. அவர் வேலை பார்த்த நூல் மில்லில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. இனிமேல் எல்லாம் அதில்தான் கண்ணு என்று அவரே சொன்னார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மில் லைன் வீட்டில் குடியிருந்த ஆள். ஸ்பின்னிங்கில் வேலை. பஞ்சுத் தூசி போகப் போகத் தலைமுடியை நரைக்க வைத்ததா, நரைத்ததே பஞ்சா என்று தெரியாத தோற்றம். சட்டை இரண்டு மூன்றுதான். ஆனால் செருப்பு மட்டும் உக்கடத்தில் சொல்லித் தைப்பார். பெருவிரலுக்கு வளையம் வைத்த, அடி கனத்த தோல் செருப்பு. வாரம் தவறாமல் விளக்கெண்ணெய் போட்டுத் துடைப்பார். மற்றவர்கள் செருப்பெல்லாம் வாசலில் கிடக்கும். அப்பாவுடையது மட்டும் உள்ளே வந்து, பீரோவுக்குக் கீழே பழைய பேப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். வாழ்க்கைப்பட்டது இவருக்கா, இவர் செருப்புக்கா என்று அம்மா முனகுவாள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சர்ச்சில் கழற்றுவார். சொந்தக்காரர் வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்னால் கழற்றுவார். ஆனால் ஒருத்தர் ‘செருப்பைக் கழற்று’ என்று சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கு அவர் அப்புறம் போகமாட்டார். பல் டாக்டர் ஒருவர் வீட்டோடு சேர்த்துக் கிளினிக் வைத்திருந்தார். கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள் என்று திரும்பி வந்த அப்பா, கிராம்பு எண்ணெய் வைத்தே அந்தப் பல்லோடு காலத்தை ஓட்டினார். நாங்கள் இதைப் பிடிவாதக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தோம். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வந்ததால் அதில் விசேஷம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் காந்திபுரத்துச் செருப்பு விதியை முன்கூட்டியே அவர் காதில் போட்டு வைத்திருப்பேன்.

கோர்ஸில் சேர்வதற்குத் தகப்பனார் வந்து உட்கார்ந்து பேசவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும் என்பது அந்த சென்டரின் விதி. அதற்குக் கவுன்சிலிங் என்று பெயர். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். படியேறினோம். கண்ணாடிக் கதவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது, செருப்பை வெளியே விடவும் என்று. அப்பா அதைப் படிக்கவில்லையோ, படித்தும் அது தனக்கில்லை என்று நினைத்தாரோ, கதவைத் தள்ளிக் கால் வைத்துவிட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் என் வயதுதான் இருப்பாள். எழுந்து நின்று, சார், செருப்பைக் கழட்டிட்டு வாங்க என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

அப்பா நின்றார். எதற்கு என்று கேட்டார். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அவள் சொன்னாள். அப்பா ஒரு செருப்பைக் காலிலிருந்து எடுத்து அடிப்பக்கத்தை அவளுக்குத் திருப்பிக் காட்டினார். இதில் எங்கே தூசி இருக்கிறது, பார்த்துச் சொல் என்றார். உண்மையிலேயே இல்லை. அவள் மேஜை அதைவிட அழுக்காக இருந்தது. அந்தப் பெண் பாவம், என்ன செய்வாள், ரூல்ஸ் சார் என்றாள். அப்பா செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டார்.

“அப்ப நாங்க வாரமுங்க” என்றார். படியிறங்கிவிட்டார்.

நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். என் செருப்பு ஏற்கெனவே ரேக்கில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அழுவது யாருக்கும் தெரியக்கூடாது என்று மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். நான் குடிக்கவில்லை. “தூசிக்குப் பயப்படற மிஷினு என்ன மிஷினு கண்ணு? எங்க மில்லுல வந்து பாக்கச் சொல்லு. பஞ்சுலயே முங்கிக் கெடந்து நூல் நூத்துக் குடுக்குதா இல்லையா?” என்றார். அவர் சமாதானம் சொல்கிறாராம். நான் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு வேண்டும் என்றால் அம்மாவிடம் சொல்வேன், அம்மா அப்பாவிடம் சொல்வாள், அப்பா பானையைப் பார்த்துச் சொல்வார். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா, செருப்புக்காகப் படிப்பை நிறுத்தின கதை கோயமுத்தூரிலேயே உங்கள் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். சென்டரில் அடுத்த பேட்ச் தொடங்க இருந்தது. அதை விட்டால் மறுபடி மழைக்காலம் கழிந்துதான். அதற்குள் மிக்சர் தட்டோடு இன்னொரு கூட்டம் வந்துவிடும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் அப்பாவின் செருப்பை எடுத்து நொய்யல் ஆற்றில் வீசிவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, புள்ள படிப்புப் பெருசா, உங்க செருப்புப் பெருசா?”

“செருப்புத்தான் பெருசு” என்றார் அப்பா. அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் கத்த ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னாள். அவளும் அப்பாவின் ஊர்ப்பக்கம்தான். கண்ணால் பார்க்காவிட்டாலும் ஊரே அறிந்த கதை.

பல்லடத்துக்குத் தெற்கே அப்பாவின் ஊர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் பண்ணைவேலை. நிலத்துக்காரரைப் பண்ணாடி என்பார்கள். பண்ணாடி வீடுகள் இருக்கிற தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மீசை முளைத்த வயதில் பல்லடம் சந்தையில் முதல் செருப்பு வாங்கினார். அது காலில் இருக்கிற சந்தோஷத்தில் மறந்தாரா, மறந்த மாதிரி நடந்தாரா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்தத் தெருவில் நடந்தார். கூப்பிட்டு நிறுத்தினார்கள். கழட்டுடா என்றார்கள். கழற்றினார். தலையில் வை என்றார்கள். தெரு முடியும் வரைக்கும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய அப்பா தெருவை ஒட்டிய தோட்டத்தில்தான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றார், தடுக்க முடியாது. மறுநாள் அப்பா கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். பசிக்காக ஊரை விட்டு வந்தார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

கேட்டபிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. அப்படித்தான் இருந்தது, வேறு மாதிரிச் சொன்னால் பொய். பண்ணாடி தெருவும் காந்திபுரம் மாடியும் ஒன்றா, அந்தப் பெண் சார் என்றுதானே கூப்பிட்டாள் என்று மனதுக்குள் வாதாடினேன். வாதாடிக்கொண்டே பீரோவுக்குக் கீழே பார்த்தேன். வெறும் பேப்பர் மட்டும் இருந்தது, அதில் இரண்டு பாதம் அளவுக்கு எண்ணெய்க் கறை. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. இந்தத் தடவை அது யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சலவை வேட்டி கட்டி, என்னைப் பார்த்துக் கிளம்பு என்றார். பானையைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறியபிறகு ஒப்பந்தத்தைச் சொன்னார். வாசல் வரைக்கும் வருவாராம். உள்ளே வரமாட்டாராம். பேசவேண்டியவர்கள் வெளியே வந்து பேசட்டும், கையெழுத்துப் போடவேண்டிய பேப்பரும் வெளியே வரட்டும். நான் தலையாட்டினேன். கிடைத்த வரைக்கும் லாபம்.

மாடியில் செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அப்பா அதில் கையைக் கட்டிக்கொண்டு, காலை நன்றாகத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். ரிசப்ஷன் பெண் கதவைத் திறந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள். மேனேஜரால் வெளியே வரமுடியாது, சார் உள்ளே வந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. மகனை முன்னால் விட்டு ஒரு பெரிய மனிதர் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நல்ல உயரம். அப்பாவை அவமானப்படுத்திய அதே பண்ணாடிதான் வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கதையாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். இவர் வேறு ஆள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவர் ஏறி வந்த தோரணையைப் பார்த்ததும் அப்பா பெஞ்சில் சற்று நிமிர்ந்தார். அந்த நடையை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கதவைத் தள்ளினார். அதே பெண் எழுந்தாள். சார், செருப்பைக் கழட்டிட்டு வாங்க என்று அதே குரலில், அப்பாவிடம் சொன்ன மாதிரியே சொன்னாள். அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அவரிடம் இதை யாரும் இதற்கு முன்னால் சொன்னதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கதவைப் பார்த்தார், அதிலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் ஏற்கெனவே ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, கழட்டித்தான் ஆகோணுமாங்க?”

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த சென்டரே தன்னுடையது மாதிரி, நிதானமாகப் பதில் சொன்னார்.

“ஆமாங்க. ஆரா இருந்தாலும் கழட்டோணுமுங்க.”

அந்த மனிதர் என்னவோ முனகிக்கொண்டே குனிந்தார். தொந்தி இடித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். தோல் செருப்பு இரண்டையும் கழற்றி ரேக்கின் கீழ்த்தட்டில் வைத்தார். வெடித்த குதிகாலோடு கார்ப்பெட்டில் கூச்சமாகக் காலை வைத்து உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அப்பா அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் குனிந்தார். ஒன்றை விரலால் தள்ளிக் கழற்றினார், இன்னொன்றைக் கையால் எடுத்தார். இரண்டையும் கொண்டுபோய் அந்த மனிதரின் செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டி வைத்தார். வா கண்ணு என்றார்.

உள்ளே சரியான குளிர். இரண்டு பேரும் மேனேஜர் முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏசி தாங்காமல் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். மேனேஜர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசினார். உலகம் மாறப்போகிறது, ஆபீஸ்களில் ஃபைல் இருக்காது என்றெல்லாம் சொன்னார். தென்னந்தோப்புக்காரர் இது கரண்ட் இல்லாவிட்டால் ஓடுமா என்று கேட்டார். ஓடாது என்று தெரிந்ததும் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். பையன் அப்ளிகேஷனில் அவர் முதலில் கையெழுத்துப் போட்டார், பேனாவை அப்பாவிடம் நீட்டினார். அதே பேனாவில் அப்பா எனக்குப் போட்டார்.

பிற்பாடு நான் எத்தனையோ மாதங்களைக் கழித்த அறை அது. நினைத்தால் இன்றும் உள்ளங்கால் சில்லிடுகிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, ஓரத்தில் கண் சிமிட்டிக்கொண்டே காத்திருக்கும் ஒரு சின்னக் கோடு. நாம் என்ன சொல்வோம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று முதல் நாள் எனக்குத் தோன்றியது. டைப்ரைட்டரில் அடித்துப் பழகியவள் ஆனதால் கீபோர்டைப் போட்டுக் குத்துவேன். மெதுவாம்மா, அதுக்கு வலிக்கும் என்பார் சொல்லித் தருபவர். ஃப்ளாப்பியை டப்பாவில் போட்டு, டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவேன். பிரிண்டர் ஓடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், கருமத்தம்பட்டியில் தறி ஓடுகிற மாதிரி. மெஷின்கள் குறைவு, ஆட்கள் அதிகம், ஒரு மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, நீ கொஞ்ச நேரம் நான் கொஞ்ச நேரம் என்று தொட்டோம். அந்தப் பொள்ளாச்சிப் பையனும் நானும் ஒரே மெஷின். அவனுக்கு டைப்பிங் வராது, எனக்குக் கணக்கு லாஜிக் வராது, எப்படியோ ஒப்பேற்றினோம்.

கோர்ஸ் முடித்து நான் வேலைக்குப் போனது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு. அங்கே கம்ப்யூட்டர் பஞ்சுத் துணுக்குகளுக்கு நடுவில் மின்விசிறிக்குக் கீழே இருந்தது. மானிட்டர் மேல் டீ கிளாஸ் வைப்பார்கள். செருப்பைக் கழற்றவா என்று நான் வாசலில் நின்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். தொண்ணூறுகள் முடிவதற்குள் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்து, மழைச் சேற்றோடு உள்ளே போக ஆரம்பித்துவிட்டார்கள். தூசி பட்டும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா சொன்னது சரியாய்ப் போயிற்று, நல்ல வேளை, தூசியால் ஒன்றும் ஆகாது என்று அவரிடம் யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவும் குளிரும் இல்லாமல் போனதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி வெறுங்காலோடு நடந்த வேறு ஆபீஸை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கோர்ஸில் சேர்ந்த அன்றைக்கே திரும்பி வருகிறேன். தென்னந்தோப்புக்காரர் மகனோடு முதலில் கிளம்பிவிட்டார். என் பேட்ச் நேரம் கேட்டுக்கொண்டு நாங்கள் கொஞ்சம் கழித்து வெளியே வந்தோம். ரேக்கின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடிதான் இருந்தது. அதே மாதிரி பெருவிரல் வளையம், அதே மாதிரி பழுப்புத் தோல். ஆனால் ஒரு சுற்றுப் பெரியது, எண்ணெய் காணாத தோல், ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அப்பாவுடையது இல்லை.

உக்கடத்தில் சொல்லித் தைத்த செருப்பு, எண்ணெய் போட்டுப் போட்டு வளர்த்த செருப்பு. இதற்காகத்தான் கழற்றமாட்டேன் என்றேன் என்று இப்போது சத்தம் போடுவார், அப்ளிகேஷனைத் திருப்பிக் கேட்பார், எல்லாம் போயிற்று என்று நின்றேன். ரிசப்ஷன் பெண் ஓடி வந்தாள். அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் போன் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்கிறேன், மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார், தெரியாமல் செய்ததுதான் என்று படபடத்தாள். அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் காட்டினாள்.

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பஞ்சுத் தூசி இருமல் என்றுதான் நினைத்தேன். இருமல் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

“நம்ம செருப்பு அவிய தெருவுல நடக்கப்படாதுன்னாங்க கண்ணு” என்றார் அப்பா. “இப்பப் பாரு, அவிய காலுலயே நடந்து போவுது.”

போன் பண்ணவேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். போட்டுக்கொண்டு போகட்டும், நல்ல செருப்பு, நன்றாக உழைக்கும் என்றார். இதையாவது மாட்டிக்கொள்ளுங்கள் சார் என்று அவள் மறுபடியும் அந்தப் பெரிய ஜோடியைக் காட்டினாள். அது அவர் வந்து கேட்டால் கொடு அம்மணி, இங்கேயே இருக்கட்டும் என்றார். படியிறங்கினார்.

உச்சி வெயில். காந்திபுரத்துத் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடிக்கலாம் என்றேன், கேட்கவில்லை. கடை நிழல் இருக்கிற இடத்தில் கொஞ்சம் மெதுவாகவும், இல்லாத இடத்தில் வேகமாகவும் நடந்தார். ஓட்டமும் நடையுமாகப் போகும்போதுகூட நிமிர்ந்தே போனார். என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நானும் அவரோடு வெறுங்காலில் நடக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்பா திரும்பிப் பார்த்து, உனக்கென்ன, போட்டுட்டு நட கண்ணு என்றார்.

வீட்டில் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லைன் முனையில் நாங்கள் திரும்பியதுமே அவள் கண் அப்பாவின் காலுக்குப் போய்விட்டது. முறம் நின்றது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை வெறுங்காலோடு தெருவில் அவள் பார்த்ததில்லை. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. மகளை முன்னால் வைத்துக்கொண்டு இந்த ஊரிலும் ஒருத்தன் அதைச் செய்துவிட்டான் என்றே நினைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“ஆருங்க கழட்டச் சொன்னது?”

அப்பா சூடு பொறுக்காமல் ஒரு காலை மறு கால் மேல் வைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

“ஆரும் சொல்லல” என்றார். “நானாத்தான் கழட்டினேன்.”

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் இரண்டு பாதத்திலும் மெதுவாக ஊற்ற ஆரம்பித்தாள்.